எடுத்து வந்ததை எடுத்துச் செல்லவும்

எங்கள் குடும்பத்திலேயே காட்டுக்குள் நடக்கப் போன முதல் ஆள் அப்பாதான். அதுவும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, ஆபீஸ் பேன்ட், பாலிஷ் மின்னும் ஷூவோடு. பின்னால் அம்மா, பருத்திப் புடவை மேல் ஸ்வெட்டர், காலில் கேன்வாஸ் ஷூ, கையில் டிபன் கேரியர். அவளுக்கும் பின்னால் நான். எட்டு வயசு. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எதிரே கைத்தடியும் முதுகுப் பையுமாக வந்த வெள்ளைக்காரத் தம்பதி எங்களைப் பார்த்ததும் ஒதுங்கி நின்று வழி விட்டார்கள். ஏதோ கல்யாணத்துக்குப் போகிறவர்கள், வழி தவறிவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள், பாவம்.

நாங்கள் போனது தாத்தாவின் முதல் திதிக்கு.

அப்போது நாங்கள் நியூ ஜெர்சியில், பார்சிப்பனியில் இருந்தோம். இது நடந்தது தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம். அதற்கு முந்தின வருடம்தான் அப்பாவைப் பெற்றவர் ஊரில் தவறிப்போனார். போன் வந்த உடனே அப்பா பெட்டியை எடுத்துக் கட்டில்மேல் வைத்துவிட்டார். அம்மாதான் எதற்கும் லாயரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றாள். க்ரீன் கார்டு விண்ணப்பம் உள்ளே போயிருக்கிறது, அனுமதிக் காகிதம் கையில் இல்லாமல் நாட்டை விட்டு வெளியே போனால் அத்தனையும் போச்சு, திரும்பி உள்ளே விடமாட்டார்கள் என்று லாயர் சொல்லிவிட்டார். அப்பா மூத்த மகன். கொள்ளி வைக்க வேண்டியவர். வைத்தது சித்தப்பா. அப்பா பார்சிப்பனி சமையலறையில் ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு, அந்தப் பக்கம் ஊதுகிற சங்கைக் கேட்டுக்கொண்டு நின்றார். பெட்டி ஒரு வாரம் கட்டில்மேலேயே கிடந்தது. யாரும் எடுத்து வைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு அமாவாசைக்கும் அப்பா பால்கனியில் காக்காவுக்குச் சோறு வைத்தார். காக்கா மட்டும் வராது. அணில் வரும், என்னமோ நாங்கள் அதற்குத்தான் வைத்த மாதிரி உட்கார்ந்து இரண்டு கையாலும் எடுத்துத் தின்னும். கடைசியில் அபார்ட்மென்ட் ஆபீஸிலிருந்து கதவில் ஒரு காகிதத்தை ஒட்டினார்கள், பால்கனியில் பிராணிகளுக்குத் தீனி போடக்கூடாது என்று. அப்பா அதைக் கிழித்துக் குப்பையில் போட்டார்.

காக்கா எடுக்கவில்லை என்றால் செத்தவருக்கு மனக்குறை இருக்கிறது என்று அர்த்தம். என்ஜினீயரிங் படித்து, கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிற மனுஷர்தான் அப்பா. சாமி கும்பிடுவதிலேயே அவருக்குப் பெரிய ஈடுபாடு கிடையாது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவருடைய படிப்பு அவருக்கு எந்த ஒத்தாசையும் செய்யவில்லை.

இந்த ஊரில் தீபாவளி, பொங்கல் எல்லாம் நமக்காகச் சனிக்கிழமைக்கு நகர்ந்து கொடுக்கும். திதி நகராது. அந்த வருடம் அது அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமையில் விழுந்தது. அப்பா லீவு போட்டார். ஆபீஸில் கூட வேலை செய்கிறவர் யாரோ, மேற்கே கொஞ்ச தூரத்தில் ஒரு பழைய கிராமம் இருக்கிறது, சுற்றிலும் காடும் சோளக்கொல்லையும், காக்கா அங்கே கூட்டம் கூட்டமாக இருக்கும் என்று சொல்லியிருந்தார். எதற்குக் காக்கா என்று அவர் கேட்டாராம். குழந்தைக்குக் காட்ட என்று அப்பா சொன்னாராம்.

கிராமம் என்றால் ஆள் குடியிருக்கிற கிராமம் இல்லை. மில், கொல்லன் பட்டறை, சர்ச், பழைய கால்வாய், எல்லாவற்றையும் அந்தக் காலத்தில் இருந்த மாதிரியே பழுது பார்த்து வைத்திருந்தார்கள். இருநூறு வருடப் பழமை என்று வாசலில் பெருமையாகப் போட்டிருந்தது. எங்கள் ஊர்த் தெப்பக்குளத்துப் படிக்கட்டுக்கே இதைவிட வயசு அதிகம் என்றாள் அம்மா. மெழுகுவர்த்திக் கடையில் நீளப் பாவாடையும் தலையில் வெள்ளைக் குல்லாயுமாக ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். அப்பா அவளிடம் காக்கா எங்கே அதிகம் வரும் என்று கேட்டார். அவள் முகம் மலர்ந்துவிட்டது. பறவை பார்க்க வந்தவர் என்று நினைத்துக்கொண்டாள். மில்லுக்குப் பின்னால் வழி காட்ட மஞ்சள் பெயின்ட் அடையாளம் போட்ட மரங்களைத் தொடர்ந்து போனால் மேட்டில் ஒரு கல்சுவர் வரும், அதற்கு அந்தப் பக்கம் சோளக்கொல்லை என்று வழி சொல்லி, தன்னுடைய பைனாகுலரையும் எடுத்து நீட்டினாள். வேண்டாம் என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. அப்பனுக்குத் திதி கொடுக்கப் போகிறவர் கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு நடந்தார்.

பாதை தொடங்குகிற இடத்தில் ஒரு போர்டு இருந்தது. அந்த வருடம்தான் எனக்கு எதைப் பார்த்தாலும் சத்தமாகப் படித்துக் காட்டும் வியாதி வந்திருந்தது. இங்கே கரடிகள் உண்டு, உணவு எதையும் விட்டுச் செல்லாதீர்கள், எடுத்து வந்ததை எடுத்துச் செல்லவும் என்று ஒரு வரி விடாமல் படித்தேன். அப்பா திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "நாம வைக்கிறது கரடிக்கு இல்லம்மா, காக்காவுக்கு." எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ரூல் என்றால் ரூல் என்று எங்கள் டீச்சர் சொல்லியிருக்கிறார் என்று இங்கிலீஷில் முணுமுணுத்தேன். அப்போதெல்லாம் தமிழ் எனக்குக் காதில் விழும், வாயில் வராது.

மேட்டில் காற்று சில்லென்று அடித்தது. மரமெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக நின்றது. அப்பா ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு ஈர இலைமேல் நின்றார். அம்மா எடிசன் ஊரில் இருக்கிற இந்தியக் கடையில் வாங்கிய ஃப்ரீசர் வாழையிலையைக் கல்சுவர் மேல் விரித்து, எள் கலந்த சோறு, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், தாத்தாவுக்குப் பிடித்த உளுந்து வடை இரண்டு என்று வைத்தாள். அப்பா தண்ணீர் சுற்றிவிட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, கொல்லைப் பக்கம் பார்த்து "கா, கா" என்று கூப்பிட்டார்.

காக்கா இல்லாமல் இல்லை. கொல்லைக்கு அந்தப் பக்கத்து மரங்களில் அப்பிக் கிடந்தன. அப்பா கூப்பிட்டால் பதில்கூடக் கொடுத்தன. வரத்தான் இல்லை. ஒரு அணில் சுவரோரமாக வந்து மூக்கை நீட்டியது. அப்பா கைக்குட்டையை வீசி விரட்டினார். அது போய்விட்டுத் திரும்ப வந்தது. கையைக் காலை ஆட்டிக்கொண்டு அணிலோடு மல்லுக்கட்டும் அப்பாவைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். அம்மா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

எனக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது. காக்கா எடுக்காமல் நாங்கள் சாப்பிட முடியாது. அம்மா எனக்கு மட்டும் பிஸ்கட் கொடுத்தாள். அப்பா முந்தின ராத்திரியிலிருந்தே ஒன்றும் சாப்பிடவில்லை. வெயில் சுவரைத் தாண்டி நகர்ந்து போயிற்று. சோறு காய்ந்து விறைத்தது. அப்பா கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, பைனாகுலரைக் கண்ணில் வைத்து அந்தக் காக்காக்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதையும் இறக்கிவிட்டு யாரிடமோ சொல்வது போல மெதுவாகச் சொன்னார்.

"அய்யாவுக்கு எம்மேல கோபம் தீரலை."

அவர் அழவில்லை. சுவரில் சாய்ந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் பசி ஒன்றுதான்.

அம்மா இலையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பிறகு, "நீங்க இப்படி எதிர்லயே நின்னா எந்தக் காக்காங்க இறங்கும்?" என்றாள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கீழே கால்வாய்க்குப் போய்க் கைகால் கழுவிவிட்டு வாருங்கள், அணில் வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கையோடு எங்களை அனுப்பிவிட்டாள்.

கால்வாய்த் தண்ணீர் பச்சைப் பசேலென்று அசையாமல் கிடந்தது. அப்பா குனிந்து முகம் கழுவிக்கொண்டே, நீ எங்கேயோ தூரத்தில் இருக்கும்போது எனக்கு ஒன்று ஆகிவிட்டால் வருவாயா என்று கேட்டார். விசா வாங்க வேண்டியிருக்குமா என்று நான் கேட்டேன். அன்றைக்கு முதல் தடவையாக அப்பா சிரித்தார். வேண்டாம், நீ இங்கேயே பிறந்தவள், உன்னை யாரும் தடுக்க முடியாது என்று சொல்லி ஈரக் கையால் என் தலையைத் தடவினார்.

நாங்கள் மேட்டில் ஏறியபோது அம்மா சுவரோரமாக நின்றிருந்தாள். இலை காலியாக இருந்தது. ஓரத்தில் கிழிந்திருந்தது. நாலைந்து பருக்கைகள் கல்மேல் சிதறிக் கிடந்தன.

"ரெண்டு காக்கா வந்துச்சுங்க," என்றாள் அம்மா. "முதல்ல வடையைத்தான் எடுத்துச்சு."

அப்பா இலைக்கு எதிரே போய் நின்றார். கிழிந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்து, சட்டைக் கையில் முகத்தை வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதார். அப்பா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பயந்துபோய் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டேன். அம்மா அவருக்கு ஒரு தட்டில் சோறு போட்டாள். அழுதுகொண்டே சாப்பிட்டார். மறுசோறும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

திரும்பி இறங்கும்போது அப்பா முன்னால் வேகமாக நடந்தார். எங்களைக் காரில் உட்கார வைத்துவிட்டு, பைனாகுலரைத் திருப்பிக் கொடுக்கக் கிழவியின் கடைக்குப் போனார். இன்னொரு வடை இருக்குமா என்று நான் அம்மா மடியிலிருந்த கேரியரைப் பிரித்தேன். மேல் அடுக்குகள் காலி. அடி அடுக்கைத் திறந்தேன். அதில் எள் கலந்த சோறு, பருப்பு, வாழைக்காய், உளுந்து வடை இரண்டு, எல்லாம் ஒன்றாகக் கொட்டப்பட்டிருந்தது. கிழிந்த இலைத் துண்டுகூட அதில் ஒட்டியிருந்தது.

எனக்கு ஒரே பெருமை. நான் படித்துக் காட்டியதை அப்பா காதில் வாங்காவிட்டாலும் அம்மா வாங்கியிருக்கிறாளே. போர்டில் போட்டிருந்த மாதிரியே எடுத்து வந்துவிட்டாயா என்று கேட்டேன். அம்மா அடுக்கை என் கையிலிருந்து வாங்கி மூடினாள்.

"ஆமாம் கண்ணு," என்றாள். "நீதானே படிச்சே."

சொல்லிவிட்டு அடி அடுக்கை எடுத்துக்கொண்டு காரை விட்டு இறங்கினாள். நேரே கால்வாய்க் கரைக்குப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். அவள் குனிந்து அத்தனை சோற்றையும் தண்ணீரில் கரைத்தாள். வாத்துகள் எங்கிருந்தோ நீந்தி வந்தன. இது மட்டும் ரூலை மீறுவது இல்லையா என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

அதற்குப் பிறகு பல வருடம், வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அந்தக் காக்கா கதையைச் சொல்லுவார். அய்யா கடல் தாண்டி வந்து வடையை எடுத்தார் என்பார். அம்மா தலையைத் தூக்காமல் காப்பி ஆற்றிக்கொண்டிருப்பாள். அப்பா நன்றாகத் தூங்க ஆரம்பித்ததும் அந்த அக்டோபரில் இருந்துதான். இதெல்லாம் எனக்கு விளங்க ரொம்ப நாளாயிற்று.

அன்றைக்குக் கரையில் அம்மா பாத்திரத்தை அலசி வைத்துவிட்டு, ஈரக் கையைக் கூப்பி, தண்ணீரைப் பார்த்து நின்றாள். அவள் தன் மாமனாரை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"கோபம் இருந்தா எம்மேல வச்சுக்குங்க மாமா. அவரை விட்டுருங்க."

ஒவ்வொரு வார்த்தையும் எனக்குக் கேட்டது. போர்டில் போட்டதை மீறிவிட்டாள் அல்லவா, அதற்குத்தான் மன்னிப்புக் கேட்கிறாள், கேட்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு நானும் பக்கத்தில் நின்று கையைக் கூப்பினேன்.