படகேறிப் போன எல்லைக் கல்

நிலம் அளக்கிற தொழிலில் நிலத்தால் எனக்கு ஒருநாளும் தொல்லை வந்ததில்லை. அது கிடந்த இடத்தில்தான் கிடக்கிறது, மனிதர்கள்தான் நகர்ந்துகொண்டே இருக்கிறார்கள். நான் உரிமம் பெற்ற சர்வேயர். பொன்னேரியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே எனக்கு ஆபீஸ். பட்டாவைத் தூக்கிக்கொண்டு தாலுகா ஆபீசில் ஜன்னல் ஜன்னலாக நின்றவர்களுக்கு நான் சொல்லப்போவது எதுவும் புதிதாக இருக்காது. நீங்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று தலையில் அடித்துக்கொண்டீர்கள், நான் வெயிலில் நின்று அடித்துக்கொண்டேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

பத்திரம் இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் நம்மில் பாதிப் பேர். மனை யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதைப் பத்திரம் சொல்லும். இன்றைக்கு அரசாங்கக் கணக்கில் யார் பேரில் இருக்கிறது என்பதைப் பட்டா சொல்லும். ஆனால் அது தரையில் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று தெரிய, சர்வே வரைபடமும் மூலைக்கு மூலை நட்ட கல்லும் வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

குழி இருக்கிறது, கல் எங்கே?

ஏரிக்கரை மீனவர் ஊரான தோணிரேவிலிருந்து தேவகி என்ற அம்மாள் போன் செய்தார். புயலில் வீட்டுச் சுவர் விழுந்துவிட்டது. கணவர் முனுசாமியும் இரண்டு பெண் பிள்ளைகளும் அவரும் தார்ப்பாய்க்குக் கீழே இருக்கிறார்கள். அரசாங்கத்தில் வீடு கட்ட உத்தரவு வந்திருக்கிறது. ஆனால் மனை முனுசாமி பேரிலும் அவர் தம்பி ஏழுமலை பேரிலும் கூட்டுப் பட்டாவாக இருக்கிறது. முனுசாமியின் பங்கைத் தனியாகப் பிரித்துத் தனிப் பட்டா வாங்கினால்தான் அஸ்திவாரம் தோண்டலாம். அதற்கு நான் அளந்து கொடுக்க வேண்டும், ஏழுமலை சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாம் மழைக்கு முன்னால் முடிய வேண்டும்.

போய்ப் பார்த்தால் மூன்று மூலையில் கல் இருக்கிறது. நாலாவது மூலையில் குழி இருக்கிறது, கல்லைக் காணோம். முனுசாமியைக் கேட்டால் வானத்தைப் பார்க்கிறார். அந்த நேரம் பார்த்து ஏழுமலை வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏரிப் பக்கமிருந்து வந்தார். கல் அவருடைய படகில் இருக்கிறதாம். நங்கூரத்துக்குத் தோதான கனமாம். எல்லைக் கல்லைப் பிடுங்குவது சட்டப்படி குற்றம் என்று நான் கத்தினேன். அவர் என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார்: "இன்னாத்துக்கு சார் டென்சன் ஆவறீங்க? போட் எங்க போனாலும் சாயந்தரம் கரைக்கு வந்துடும், கல்லும் கூடவே வந்துடும்."

கயிற்றின் குணம்

மற்ற மூன்று கல்லையும் வைத்து நாலாவது மூலையைக் கண்டுபிடித்துவிடலாம், அது பெரிய வித்தையில்லை. ஆனால் அடுத்த முறை நான் போவதற்குள் ஏழுமலையே மனையை அளந்து முடித்து, குச்சி நட்டு வைத்திருந்தார். வலைக் கயிற்றால் அளந்தாராம். கையிரண்டையும் விரித்தால் ஒரு பாகம், அந்தக் கணக்கு. என் டேப்பைப் பார்த்து, ஏரியின் ஆழத்தையே இப்படித்தான் அளக்கிறோம், மண்ணை அளக்க முடியாதா என்றார்.

என் டேப்புக்கும் அவர் குச்சிக்கும் ஒத்துவரவில்லை. சரி, என் கண்ணெதிரில் இன்னொரு தரம் அளந்து காட்டுங்கள் என்றேன். தன் பங்கை அளக்கும்போது கயிறு விறைப்பாக நின்றது. அண்ணன் பங்குக்கு வந்ததும் தொய்ந்து, வளைந்து, தரையில் புரண்டது. பாகம் என்னவோ இரண்டு பக்கமும் ஒன்றுதான். முனுசாமி அப்போதும் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மீன் காயவைத்துக்கொண்டிருந்த தேவகி இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தார்: "இன்னா தம்பி, உன் பக்கம்னா எழுந்து நிக்குது, எங்க பக்கம்னா படுத்துக்குது, கயித்துக்கும் நீதான் சோறு போட்றியா?"

நடுவில் ஒரு நெல்லுக்காரர்

மீன்காரர்கள்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். அதே வாரம் உள்ளே ஒரு கிராமத்தில் வயல் அளக்கப் போனேன். இரண்டு பேர் நிலத்துக்கு நடுவில் ஒரு வரப்பு. வரைபடத்தில் அதன்மேல் மாட்டை ஓட்டிக்கொண்டு போகலாம். நேரில் பார்த்தால் தவளை உட்கார இடமில்லை. ஒவ்வொரு நடவுக்கும் இரண்டு பக்கமும் மண்வெட்டியால் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கித் தின்றிருக்கிறார்கள். என்னைக் கூப்பிட்டவரை ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அவருக்கு உண்மையாகவே மனம் புண்பட்டுவிட்டது: "அவன் செதுக்கறது திருட்டு சார், நான் செதுக்கறது அவன் எடுத்தத்த ஈடு கட்றதுக்கு."

இன்றைக்கா, நாளைக்கா?

தோணிரேவுக்குத் திரும்பினேன். வீடுகள் நிற்கிற பகுதியைப் பிரிப்பதில் சண்டையே வரவில்லை. கயிற்று விஷயத்தில் தேவகி போட்ட போட்டில் ஏழுமலை என் டேப்புக்கே ஒப்புக்கொண்டார். வம்பு, வீட்டுக்கு முன்னால் ஏரி வரை போகிற களத்தில் வந்தது. வலை உலர்த்த, மீன் காயவைக்க இரண்டு குடும்பத்துக்கும் இருப்பது அந்த ஒரு களம்தான். அதிலும் ஒரு கோடு போட்டால் ஆளுக்குப் பாதி. பாதிக் களத்தில் வலையை விரிக்க முடியாது. கோடு போட்டால் கையெழுத்து இல்லை என்று ஏழுமலை உட்கார்ந்துவிட்டார்.

இந்த ஏரியில் பாடு என்று ஒரு வழக்கம் உண்டு. மீன் படுகிற நல்ல இடத்தை யாரும் பங்கு போடுவதில்லை. இன்று உன் முறை, நாளை என் முறை என்று மாறி மாறி வலை போடுவார்கள். இவர்களுடைய நைனா சாகும்போது களத்தையும் அப்படியே பாடு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒருநாள் அண்ணனுக்கு, மறுநாள் தம்பிக்கு. வரைபடத்தில் நாளை எப்படிக் குறிப்பது என்று எனக்கு எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை. பொறுமை போய், முனுசாமியிடமே நேராகக் கேட்டேன்: உங்கள் இடம் எதுவரை? அத்தனை நாளில் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு இது: "இன்னிக்கா சார், நாளைக்கா?"

முதல் மழை

நான் காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கையெழுத்து இல்லாமல் மனு போட்டால் திரும்பி வரும். நடுவில் மழை பிடித்துக்கொண்டது. தேவகி போன் செய்தபோது தார்ப்பாயில் தண்ணீர் விழுகிற சத்தம் பேச்சைவிடப் பெரிதாகக் கேட்டது. பெரிய பெண் நனைந்த பாடப்புத்தகங்களை அடுப்புப் பக்கத்தில் பரப்பி வைத்திருக்கிறாளாம். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அண்ணன் மேல், தம்பி மேல், பாடு வைத்துவிட்டுச் செத்துப்போன நைனா மேல். கூடவே, நாலு கோடு போடத் தெரிந்தும் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு கூரை வாங்கிக் கொடுக்க முடியாத என் தொழில் மேலும்.

மழை விட்டதும் போனேன். அண்ணனும் தம்பியும் பழையபடி ஆளுக்கொரு மூலையில். கோடு போட்டால்தான் பிரிவினை என்று நான் மறுபடி ஆரம்பித்தேன். தேவகி ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டே நடுவில் வந்து நின்றார். அவர் பேசி முடித்தபோது ஏழுமலை பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நானும் மூன்று துண்டாக வரைந்தேன்: அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று, களம் மட்டும் இருவர் பேரிலும் பொதுவில். விதியில் அதற்கு இடம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த விதிதான், நான் பிடித்த பிடியில் ஞாபகத்துக்கே வரவில்லை. தேவகி பேசியது இவ்வளவுதான்: "களம் உங்க ரெண்டு பேருக்கும் பாடாவே கெடக்கட்டும், அதுல எனக்கு ஒரு கோடும் வாணாம், எம் பொண்ணுங்க படுக்கற எடத்துக்கு மட்டும் ஒரு கோட்டப் போட்டுத் தொலைங்க!"

மஞ்சள் பூசிய கல்

பட்டா வந்தது. அடுத்த மழைக்குள் வீடும் எழும்பியது. பக்கத்தில் வேறொரு மனை அளக்கப் போனபோது எட்டிப் பார்த்தேன். உள்ளே பெரிய பெண் காய்ந்த தரையில் காலை நீட்டி உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். 

நாலு மூலையிலும் கல் இருக்கிறதா என்று பழக்கதோஷத்தில் சுற்றி வந்தேன். இருந்தது. படகேறிப் போய் வந்த அந்த நாலாவது கல்லுக்கு மட்டும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, செம்பருத்தி ஒன்றும் வைத்திருந்தது. கரையில் ஏழுமலையின் படகு நின்றது. நங்கூரக் கயிற்றின் நுனியில் இடிந்துபோன பழைய சுவரின் சிமெண்ட் துண்டு ஒன்று கட்டியிருந்தது. இந்தக் கல் எந்தச் சாமி என்று தேவகியைக் கேட்டேன். அவர் ஏழுமலை வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: "சட்டம்னு நீங்க கத்தனீங்க, கல்லு போட்லயே கெடந்துச்சி, எல்லையம்மானு நான் சொல்லி வச்சேன், இப்ப செருப்பக் கழட்டிட்டுத்தான் அந்தாண்ட போறான்."

அன்றிலிருந்து அளக்கப் போகும்போது என் பையில் டேப், வரைபடம், சட்டப் புத்தகம் எல்லாவற்றுக்கும் மேலே கைக்கு முதலில் அகப்படுகிற மாதிரி ஒரு மஞ்சள்தூள் பொட்டலம் இருக்கிறது.