இல்லாத பழைய கம்பி

என் மனைவி காரில் எனக்குப் பக்கத்தில் உட்கார்வதை நிறுத்தி மூன்று வாரம் ஆகியிருந்தது. கோபம் என்மேல் இல்லையாம், காரின் மேல்தானாம். இதைச் சொன்னபோது அவள் முகத்தைக் கவனித்தேன். நம்பும்படி இல்லை.

அவள் சிறுமலையில் கணக்கு டீச்சர். காலையில் திண்டுக்கல்லிலிருந்து மலைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டுக் கீழே வந்து, கலெக்டர் ஆபீஸ் பக்கம் இருக்கும் என் ஜெராக்ஸ் கடையைத் திறப்பேன். சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு மறுபடி போய் அழைத்து வருவேன். வீட்டில் நாங்கள் பேசிக்கொள்வது குறைவு. அங்கே டிவி பேசும், கேஸ் தீர்ந்துபோனதைப் பற்றி நாங்கள் பேசுவோம். மற்ற பேச்செல்லாம் அந்தப் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில்தான். ஊர்ப் பேச்சு, பிள்ளைகள் பேச்சு, ஹெட்மாஸ்டரைத் திட்டுவது எல்லாம் வளைவுக்கு ஒன்றாக நடக்கும்.

ஒரு சாயங்காலம் தூறலில் இறங்கிக்கொண்டிருந்தோம். ஒரு வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தேன். வண்டி வளையவில்லை. மூக்கு நேராகப் போய்க்கொண்டே இருந்தது. ஓரச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றபோது, கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலை முன்கண்ணாடியில் அடித்து, திரும்பி வந்து, மறுபடி அடித்தது. அவள் அது ஆடி அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு நான் பஸ்ல போறேன்" என்றாள்.

போனாள். மறுநாளும் போனாள். பஸ்ஸில் இன்னும் மூன்று டீச்சர்கள் உண்டு. வீட்டுக்கு வரும்போது முகம் சிரித்த முகமாக இருந்தது. பஸ்ஸில் அப்படி என்ன சிரிப்பு என்ற சந்தேகம் எனக்கு வந்ததை இங்கே ஒத்துக்கொள்கிறேன். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு டவுன் பஸ் மேல் பொறாமைப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

காருக்கு என்ன கேடு என்று தேட ஆரம்பித்தேன். செல்போனில் ஒருவர் வீடியோ போட்டு விளக்கினார். முன் சக்கரங்கள் இழுக்கிற கார் என்றால், இழுப்பதும் திரும்புவதும் இரண்டுமே முன் சக்கரங்கள் தலையில்தான். வளைவில் பாரம் கூடினால் அவை பிடி விட்டுவிடும், மூக்கு வெளியே ஓடும். பின்னால் இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் சேர்த்துக் குறுக்கே ஒரு தடித்த கம்பி போட்டால், வண்டி ஒரு பக்கமாகச் சாய்வது குறையும், பின்பக்கமும் வேலையில் பங்கெடுக்கும், மூக்கு சொன்ன பேச்சைக் கேட்கும். கம்பிக்குப் பெயர் ஸ்வே பார். வீடியோக்காரர் கடைசியில் கம்பி விற்கிறவராக இருந்தார். அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கு வேண்டாத இடத்தில்தான் சந்தேகம் வரும்.

பார்சல் வந்தது. பெருவிரல் தடிமனில் கருப்புக் கம்பி, இரண்டு முனையும் வளைந்து தட்டையாக இருந்தது. தட்டிப் பார்த்தேன். காந்தம் வைத்துப் பார்த்தேன். முகர்ந்தும் பார்த்தேன், எதற்கென்று தெரியாது.

"இந்தக் கம்பியப் போட்டா வண்டி திரும்புமா?" என்றாள் மனைவி.

"திரும்பும். நீயும் திரும்பி வந்துருவ."

"மொதல்ல வண்டி திரும்பட்டும், பாப்போம்."

எங்கள் மெக்கானிக்கின் ஷெட் வத்தலக்குண்டு ரோட்டில் இருக்கிறது. பதினைந்து வருடப் பழக்கம். ஆனாலும் அவர் வேலை செய்யும்போது நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன். என் தொழில் அப்படி. நாள் முழுக்க "ஒரிஜினலக் காட்டுங்க, ஒரிஜினல் எங்க?" என்று கேட்கிற வாய் இது. எந்தச் சாமானை மாற்றினாலும் பழையதைக் கையில் வாங்காமல் கிளம்ப மாட்டேன். பிரேக் கட்டை, பிளக், பெல்ட் எல்லாம் பரண்மேல் சாக்கில் கிடக்கின்றன. புதிது போட்டதற்கு அதுதான் அத்தாட்சி. நான் மட்டும் இல்லை, அந்த ஷெட்டுக்கு வருகிற எல்லோருமே பழைய சாமானைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போகிறவர்கள்தான்.

மெக்கானிக் கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத யாருண்ணே போடச் சொன்னது?"

"மலையில மழையோட எறங்குறப்ப வண்டி வளைய மாட்டேன்னுச்சு. இதப் போடச் சொல்லி வீடியோல சொன்னாங்க."

"அப்ப வீடியோலயே மாட்டச் சொல்ல வேண்டியதுதான?"

அவர் தோரணையில் ஏதோ இருந்தது. கம்பியை அவருக்குப் பிடித்துவிட்டதோ, எனக்கு வேறெதையாவது மாட்டிவிட்டு இதை வைத்துக்கொள்வாரோ என்று ஸ்டூலை இன்னும் நெருக்கிப் போட்டேன்.

"அண்ணே, செத்த நேரம் டீ குடிச்சுட்டு வாங்க. நீங்க மூச்சு விடுறது என் கழுத்துல படுது."

போயிருக்கக் கூடாது. போனேன். டீ சுடச்சுட வந்தது, ஊதி ஊதிக் குடிக்க நேரமாயிற்று. திரும்பி வந்தால் வேலை முடிந்திருந்தது. குனிந்து பார்த்தேன். கருப்புக் கம்பி பின் சக்கரங்களுக்கு நடுவில் குறுக்கே உட்கார்ந்திருந்தது. என்னுடையதுதான்.

"பழைய கம்பி எங்கண்ணே?"

"பழசு இல்லண்ணே."

"இல்லைன்னா?"

"இந்த வண்டிக்குப் பின்னால கம்பெனியிலயே கம்பி கெடையாது. முன்னால மட்டுந்தான் உண்டு. புதுசாப் போட்டுருக்கோம், அம்புட்டுத்தான்."

நான் சிரித்தேன். ஜெராக்ஸ் கடையில் "ஒரிஜினல் வீட்ல இருக்கு சார்" என்பவர்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. "நான் டீ குடிக்கப் போன நேரத்துலயா கம்பி இல்லாமப் போச்சு?"

"ஏண்ணே, இல்லாதத நான் எங்கிட்டுப் போயிக் கொண்டாருவேன்?"

"பதினஞ்சு வருசமாப் பழைய சாமான் வாங்காம நான் போனதில்ல. இன்னைக்கும் போக மாட்டேன்."

மூன்று தடவை இல்லை என்றார். மூன்று தடவையும் நான் ஸ்டூலில் மறுபடி உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் இரண்டு வண்டிகள் காத்திருந்தன. அவர் என்னைப் பார்த்தார், வண்டிகளைப் பார்த்தார், கையைத் துடைத்துக்கொண்டு ஷெட்டுக்குப் பின்னால் போனார். துருப்பிடித்த நீளக் கம்பி ஒன்றோடு வந்தார்.

"இந்தாங்க. இதான்."

"இத மொதல்லயே குடுத்துருக்கலாம்ல?" என்றேன், ஒரு திருடனை மன்னிக்கிற குரலில்.

கம்பி காருக்குள் அடங்கவில்லை. முன் சீட்டைச் சாய்த்து, மூலைக்கு மூலை வைத்தும் ஒரு முனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு வந்தது. அதில் ஒரு சிவப்புத் துணி கட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு வழியாகப் பெருமையாக வீடு வந்து சேர்ந்தேன். வழியில் ஒரு நொடிகூட எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

மனைவி கம்பியை வாசலில் பார்த்தாள்.

"இது என்ன?"

"பழைய கம்பி. நம்ம கார்ல இருந்தது."

உள்ளே போனாள். தையல் டேப்போடு வந்தாள். கம்பியை அளந்தாள். பிறகு காரின் பின்னால் போய் அகலத்தை அளந்தாள்.

"கம்பி ஆறரை அடி. காரு அஞ்சரை அடி."

"சரி..."

"இது நம்ம கார்ல குறுக்க இருந்துச்சுன்னா, ரெண்டு பக்கமும் அரை அரை அடி வெளிய நீட்டிக்கிட்டுல்ல இருந்துருக்கும்? ரோட்ல போறவங்க எல்லாம் சேலையக் காயப்போட்டுருப்பாங்களே?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏமாற்றிவிட்டான் என்று நெஞ்சு சூடாயிற்று. பொய்க் கம்பி கொடுத்தவன் மெய்க் கம்பியை என்ன செய்தான்? போட்ட புதுக் கம்பியையாவது ஒழுங்காக முடுக்கினானா? அதே வேகத்தில் ஷெட்டுக்குத் திரும்பினேன்.

"இது எந்த வண்டிக் கம்பி?" என்றேன்.

"லோடு வண்டியில தார்ப்பா கட்டுற கம்பிண்ணே" என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல். "இல்லைன்னு மூணு தடவ சொன்னேன். நீங்க நம்பல. இருக்குன்னு ஒரு தடவ சொன்னேன், நம்பிட்டீங்க. நான் என்ன செய்ய?"

பிறகு என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், ரிப்பேருக்கு நின்ற இன்னொரு காருக்கு அடியில் படுக்க வைத்தார். என் காரின் அதே மாடல். பின்னால் இரண்டு சக்கரத்துக்கும் நடுவே ஒன்றுமில்லை. வெறும் காற்று. நான் படுத்தபடியே அந்த ஒன்றுமில்லாததை நெடுநேரம் பார்த்தேன். வெளியே வர வெட்கமாக இருந்தது என்பதும் ஒரு காரணம்.

எழுந்தபோது அவர் என் காரின் முன் டயரைக் காலால் அழுத்திக்கொண்டிருந்தார்.

"காத்து எம்புட்டுண்ணே வைக்கிறீங்க?"

"முப்பத்து மூணு. நானே செக் பண்ணுவேன்."

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். பங்க்கில் காற்றுப் பிடிக்கிற பெரியவரை நான் நம்புவதில்லை. அவர் கவனமில்லாமல் அதிகம் அடித்துவிடுகிறார் என்று எனக்கு ஒரு முடிவு. ஆன்லைனில் வாங்கிய பேனா மாதிரி ஒரு மீட்டர் என்னிடம் உண்டு. அவர் அடித்துவிட்டதும் கொஞ்சம் தள்ளிப்போய் ஒரு வேப்பமர நிழலில் நிறுத்தி, பேனா முப்பத்து மூன்று காட்டும்வரை காற்றைப் பிடுங்குவேன். முன் டயர் இரண்டையும் முடிப்பதற்குள் முழங்கால் வலித்துவிடும். பின் டயர் இரண்டையும் ஆண்டவரிடம் விட்டுவிடுவேன்.

மெக்கானிக் தன் மீட்டரை வைத்தார். இருபத்து நாலு. அதை நான் நம்பவில்லை. பக்கத்து டயர் கடை மீட்டர் இருபத்து நாலு என்றது. எதிரே இருந்த பங்க்கிலும் அதே இருபத்து நாலு. மூன்று மீட்டர் ஒரு பக்கம், என் பேனா ஒரு பக்கம்.

"முன்னால ரெண்டு டயரையும் கொழகொழன்னு வச்சுக்கிட்டு, மழையில, எறக்கத்துல போனா எந்த வண்டிண்ணே திரும்பும்?" என்றார் மெக்கானிக். "கம்பி நல்ல கம்பிதான். போட்டதுக்கு நல்லாருக்கும். ஆனா அன்னைக்கு வண்டி நேரா ஓடுனது கம்பி இல்லாததுனால இல்ல." முன் டயர் இரண்டிலும் அவரே முப்பத்து மூன்று வைத்து அனுப்பினார்.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் உண்டு. மனைவி பைக்குள் சாப்பாட்டு டப்பாவை வைத்துக்கொண்டே, "இன்னைக்கு ஒரு தடவ வாரேன். புடிக்கலைன்னா அங்கனயே எறங்கிருவேன்" என்றாள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். அந்த இடத்தில் மூன்று வாரமாக என் குடைதான் உட்கார்ந்து வந்தது.

ஏறினோம். ஒன்று, இரண்டு, மூன்று என்று வளைவுகளை அவள் எண்ணுவது உதட்டில் தெரிந்தது. கண் ஜெபமாலையிலேயே இருந்தது. வண்டி சாயவில்லை. பின்பக்கம் ஒழுங்காகக் கூடவே வந்தது. ஏழாவது வளைவில் தலைதெறிக்க ஒரு லாரி இறங்க, நான் ஓரத்தோடு ஒட்டித் திருப்ப, மூக்கு சொன்ன இடத்துக்குப் போயிற்று.

"மாலை ஆடுது" என்றாள். "ஆனா நான் உங்க மேல வந்து விழல."

"கம்பி."

"நல்ல கம்பிதான் போல. உங்களச் சும்மா சந்தேகப்பட்டுட்டேன்" என்றாள். ஹெட்மாஸ்டரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அவர் மதியச் சத்துணவை ருசி பார்க்கிறேன் என்று இரண்டு தட்டு சாப்பிடுகிற கதை. பத்தாவது வளைவில் நான் சிரித்தேன், பதினோராவது வளைவில் அவள் சிரித்தாள்.

அப்படியே விட்டிருக்கலாம். புத்திசாலி விட்டிருப்பான். ஆனால் நாள் முழுக்க மற்றவர்களிடம் ஒரிஜினல் கேட்கிறவன், அவளிடம் மட்டும் நகலைக் கொடுத்துவிட்டு எப்படிப் பேசாமல் வருவது? பதினாறாவது வளைவில் பேனா மீட்டரையும், வேப்பமரத்தையும், இருபத்து நாலையும் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன், எஞ்சின் சத்தத்தில் கேட்காமல் போகட்டும் என்ற நம்பிக்கையில்.

கேட்டுவிட்டது.

"நீங்க அங்கன குனிஞ்சு குனிஞ்சு காத்தப் புடுங்குறப்ப நான் கார்லதான இருந்தேன்" என்றாள். "எதுக்கோ செய்றாரு, தெரிஞ்சுதான் செய்வாருன்னு இருந்தேன்."

பள்ளி வாசல் வந்தது. என்னைக் கொஞ்சமாவது நம்பியிருக்கிறாள் என்பது தெரிந்த அன்றைக்கே அது தீர்ந்தும் போனது. இறங்கினாள். கதவைச் சாத்தினாள். பிறகு ஜன்னலில் குனிந்தாள்.

"அந்தப் பேனாவ எடுங்க."

கொடுத்தேன். கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"திங்கக்கெழமையிலருந்து காலையில ஏத்தத்துக்குக் கார்ல வாரேன். சாயங்காலம் எறக்கத்துக்கு பஸ்தான்."

"எம்புட்டு நாளைக்கு?"

"பாப்போம்" என்றாள் கணக்கு டீச்சர்.

இப்போது அப்படித்தான் நடக்கிறது. காலையில் பதினெட்டு வளைவும் எங்களுடையது. திங்கட்கிழமைதோறும் பங்க்கில் அவளே இறங்கி நின்று, "அவரு என்ன சொன்னாலும் கேக்காதீங்கய்யா, முப்பத்து மூணு வையுங்க" என்று பெரியவரிடம் சொல்கிறாள். அவர் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிக்கிறார். அதில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. தார்ப்பாய்க் கம்பியை மொட்டைமாடியில் இரண்டு தூணுக்கு நடுவே கட்டிவிட்டாள், சேலை காயப்போட.

சாயங்காலம் கடையை ஆறு மணிவரை திறந்தே வைத்திருக்கிறேன். சிறுமலை பஸ் ரவுண்டானாவில் திரும்பும்போது வாசலுக்கு வந்து நிற்பேன். பஸ் நன்றாகச் சாய்ந்து திரும்புகிறது. போன வாரம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பயமே இல்லாதவள் போலக் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.