சம்பளம் வாங்காத மாப்பிள்ளை

கம்ப்யூட்டர் ரிப்பேர்காரனுக்கு எவரும் நல்ல சேதி சொல்ல போன் பண்ணியதில்லை. "நல்லா ஓடுதுப்பா, சும்மா சொல்லலாம்னு கூப்பிட்டேன்" என்று ஒருத்தர் சொல்லியிருந்தால் நான் அந்த இடத்திலேயே மயங்கி விழுந்திருப்பேன். அதிலும் ஏஜென்சி வழியாக வேலைக்குப் போனவன் கதை தனி. உழைக்கிற இடம் ஒன்று, காசு கொடுக்கிற இடம் இன்னொன்று. இரண்டு இடத்திலும் நம்மைக் காட்டி, "அவங்க ஆளு" என்பார்கள். படிக்கிறவர்களில் என்னைப்போலப் பதினோரு மாத ஒப்பந்தத்தில் காலம் தள்ளியவர்கள் இருப்பீர்கள். முதலில் கையைக் கொடுங்கள்.

புலம்புவதற்காக இதை எழுதவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் சேர்ந்தேன். அந்தச் சில வருஷத்தில் பட்ட பாட்டை இப்போது நினைத்தால் முக்கால்வாசி சிரிப்புதான் வருகிறது. மிச்சக் கால்வாசிக்கு யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும்போல இருக்கிறது.

கன்சல்டன்ட் ஆனேன்

எங்கள் ஏஜென்சி செங்கல்பட்டில் ஒரு மருந்துக்கடைக்கு மாடியில் இருந்தது. மேனேஜர் ஏகாம்பரம் சார் என் மார்க் ஷீட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு பழைய சி.பி.யூ.வை என் முன்னால் தள்ளி, "மெமரி ரேமைக் கழட்டிட்டு மாட்டு" என்றார். கழற்றினேன், மாட்டினேன். ஓடியது. அவ்வளவுதான் இன்டர்வியூ. கேளம்பாக்கம் பக்கத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் திங்கள் முதல் வெள்ளி வரை வேலை. சனிக்கிழமை ஏஜென்சி எங்கே அனுப்புகிறதோ அங்கே ஓட வேண்டும். எங்கள் ஊர் கருங்குழியிலிருந்து கம்பெனிக்கு இரண்டு பஸ் மாறிப் போகணும்.

ஒப்பந்தத் தாளில் என்னை ‘கன்சல்டன்ட்’ என்று போட்டிருந்தது. இருபத்திரண்டு வயசில் கன்சல்டன்ட்! கையெழுத்துப் போடும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. "சார், யாராவது கேட்டா நான் எந்தக் கம்பெனின்னு சொல்லணும்?" என்று கேட்டேன். ஏகாம்பரம் சார் பேனாவை மூடினார். "கம்பெனில கேட்டா எங்க பேரச் சொல்லு. எங்ககிட்ட கேட்டா கம்பெனி பேரச் சொல்லு. வெளியில எவனாவது கேட்டா மட்டும் ஒண்ணும் சொல்லாத, வந்துடு."

மவுஸ் உருண்டை

ஒரு சனிக்கிழமை மதுராந்தகத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். பத்து கம்ப்யூட்டரிலும் மவுஸ் நகரவில்லை என்று புகார். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் ஒன்றிலும் உருண்டை இல்லை. அந்தக் காலத்து மவுஸுக்கு வயிற்றில் ரப்பர் பூசிய ஓர் இரும்பு உருண்டை இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? ஏழாம் வகுப்புப் பயல்கள் அத்தனையையும் கழற்றிக்கொண்டு போய் மைதானத்தில் கோலி ஆடிவிட்டார்கள். புது உருண்டை கொண்டுவந்து போட்டேன். அடுத்த மாதம் போனபோது கம்ப்யூட்டர் டீச்சர் கலைவாணி ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். உருண்டைகள் சாக்பீஸ் டப்பாவில் பூட்டியிருக்கும். வகுப்பு தொடங்கும்போது ஆளுக்கு ஒன்று எண்ணிக் கொடுப்பாள், மணி அடித்ததும் எண்ணி வாங்குவாள்.

அப்புறம் அந்தப் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர்கள் அடிக்கடி கெட்டுப்போயின. எப்படிக் கெட்டன என்று என்னைக் கேட்காதீர்கள், டீச்சரைக் கேளுங்கள். ஒரு வருஷத்தில் எனக்கும் அவளுக்கும் மனசு ஒத்துப்போயிற்று. அவள் அப்பா தட்சிணாமூர்த்தி ஓர் அரசாங்க ஆபீஸில் ஹெட் கிளார்க், ரொம்ப கறார். அவர் சம்மதிக்காமல் அவள் வரமாட்டாள், அவரும் லேசில் சம்மதிக்கிற ஆள் இல்லை. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. கலைவாணி தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "எங்கப்பா ஜாதகம் கூட அப்புறம்தான் பாப்பாரு. மொதல்ல, ‘பையன் எந்த ஆபீஸ் ஸ்டாஃப்’னு கேப்பாரு. அதுக்கு ஒரு பதிலோட வாங்க."

பதினாறும் பதினாறு ஏ-யும்

பதிலைத் தேடிக் கிளம்பினேன். ‘இவர் எங்களிடம் வேலை செய்கிறார்’ என்று ஒரே ஒரு வரி எழுதித் தாருங்கள் என்று கம்பெனியில் கேட்டேன். ஏஜென்சியைக் கேள் என்றார்கள். ஏஜென்சியில் கேட்டேன். நீ உட்கார்ந்து வேலை செய்யற எடத்துல கேளு என்றார்கள். என் கையில் இருந்த ஒரே அத்தாட்சி வருமான வரிக் காகிதம்தான். என்னைக் கன்சல்டன்ட் ஆக்கிய புண்ணியத்தில் மாதாமாதம் வரியைப் பிடித்துக்கொண்டுதான் மிச்சத்தைக் கொடுப்பார்கள். வருஷக் கடைசியில் அதற்கு ஒரு சான்றிதழ் வரும். எனக்கு வந்த வருமானத்துக்கு வரியே கிடையாது. செங்கல்பட்டில் ஓர் ஆடிட்டர் பாவம் பார்த்து, பைசா வாங்காமல் மனு எழுதி, பிடித்ததைத் திரும்ப வாங்கித் தந்தார். மகராசன். "டாக்டர், வக்கீல், ஆடிட்டர், அப்புறம் நீ. சம்பளம் இல்லாம ஃபீஸ் வாங்கறவங்கன்னு சட்டத்துல எல்லாரும் ஒரே கட்டம்தான் தம்பி" என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சான்றிதழைத்தான் பட்டுத்துணியில் சுற்றாத குறையாக எடுத்துக்கொண்டு கலைவாணி வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா காபி கொடுக்கச் சொன்னார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதத்தை முன்னும் பின்னும் படித்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம், மனுஷன் மடங்கிவிட்டார் என்று. அவர் காகிதத்தை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "சம்பளக்காரனுக்குக் குடுக்கறது பதினாறாம் நம்பர் ஃபாரம். இது பதினாறு ஏ. வெளியாளுக்குக் குடுக்கறது. சர்க்கார் கணக்குப்படி நீ இதுவரைக்கும் ஒரு மாசம்கூட சம்பளம் வாங்கல. சம்பளமே வாங்காத பையனுக்கு நான் எப்படிப்பா பொண்ணு குடுக்கறது?"

காணிக்கை

அந்த வேதனையோடுதான் அடுத்த சனிக்கிழமை அச்சரப்பாக்கத்துக்குப் போனேன். ஒரு ரைஸ் மில். ஆயுத பூஜை முடிந்த கையோடு கம்ப்யூட்டர் ஃப்ளாப்பியை வாங்க மாட்டேன் என்கிறது. போய்ப் பார்த்தால் மானிட்டருக்குப் பட்டை, கீபோர்டுக்குப் பொட்டு, சி.பி.யூ.வுக்கு மாலை. அலங்காரம் முடிந்த சாமி மாதிரி ஜம்மென்று இருந்தது. ஃப்ளாப்பி போடுகிற சந்துக்குள் டார்ச் அடித்தேன். உள்ளே மஞ்சள், குங்குமம், ஆறு ஒற்றை ரூபாய்க் காசு! இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தேன். மில் முதலாளி அசரவில்லை. "எல்லா மிஷினுக்கும் காணிக்க வெச்சோம் அண்ணாத்த. இது ஒண்ணுதான் வாயத் தொறந்துகினு இருந்துச்சு" என்றார்.

அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இன்னா, மூஞ்சி இப்டி கீது?" என்று கேட்டார். அவ்வளவுதான், மடை திறந்தமாதிரி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மனுஷன் மேஜையை இழுத்து மில் லெட்டர்பேடை எடுத்தார். "எங்க மில்லு ஸ்டாஃப், பர்மனென்ட்டுன்னு எழுதிக் குடுத்துட்றேன், எடுத்துக்கினு போ" என்றார். நிஜமாகச் சொல்கிறேன், கை நீளப் பார்த்தது. ஆனால் பொய்க் காகிதம் என்று தெரிந்தால் முதலில் என்னைக் கொல்கிறவள் கலைவாணி. வேண்டாம் என்று கும்பிடு போட்டேன். அந்த ஆறு காசையும் என் சட்டைப்பையில் திணித்து, வாசல் வரைக்கும் வந்தார். பெற்ற தகப்பனுக்குக்கூட அன்றைக்கு என்மேல் அவ்வளவு கவலை இருந்திருக்காது. "நெல்லு ஊற வெக்கிறவனுக்கே ஸ்டாஃப்னு லெட்டர் குடுத்தவன் நானு. உனக்குன்னா மாட்டேன்னா சொல்லுவேன்? எப்ப வோணும்னாலும் வா."

லைஃப் ஜாக்கெட்

கம்பெனியில் ஸ்டாஃபை எல்லாம் முட்டுக்காட்டுக்குப் படகு சவாரிக்குக் கூட்டிப் போனார்கள். நானும் பஸ்ஸில் தொற்றிக்கொண்டேன். படகில் ஏறுகிற இடத்தில் பேர் வாசித்தார்கள். என் பேர் இல்லை. எப்படி இருக்கும், நான்தான் அவங்க ஆளு ஆச்சே. கரையிலேயே சுண்டல் சாப்பிட்டுக்கொண்டு நிற்கலாம் என்று ஒதுங்கினேன். அட்மின் ஸ்டெல்லா மேடம் பார்த்துவிட்டார். "இந்த லிஸ்ட்ட நான் டைப் அடிச்ச கம்ப்யூட்டரையே நேத்து நீதானே சரி பண்ண? வந்து ஏறு" என்று என் தலைவழியாக ஒரு லைஃப் ஜாக்கெட்டை மாட்டி உள்ளே தள்ளினார். அவர் நல்லா இருக்கணும் என்று அன்றைக்கு மனசாரக் கும்பிட்டேன்.

படகில் எல்லோரையும் நிற்கவைத்து ஒரு குரூப் போட்டோ எடுத்தார்கள். ஸ்டாஃபோடு ஸ்டாஃபாக நான் நிற்கிற போட்டோ! இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? ஒரு பிரதி போட்டுக் கலைவாணியிடம் கொடுத்தேன். அவள் நல்ல நேரம் பார்த்து, அப்பா சாப்பிட்டு எழுந்ததும் காட்டினாள். சிரிக்கிற அவசரத்தில் எல்லோரும் ஜாக்கெட்டைக் கழற்றியிருந்தார்கள் என்பதை நானும் கவனிக்கவில்லை, அவளும் கவனிக்கவில்லை. நான் ஒருத்தன்தான் அதைப் போட்டுக்கொண்டு ஓரத்தில் நின்றேன். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு மகளிடம் கேட்டாராம்: "ஏம்மா, பையன் கம்ப்யூட்டர் வேலைன்னுதானே சொன்னே, படகு ஓட்றான்னு சொல்லவேயில்லயே?"

கேட்டில் ஒரு மனிதர்

அதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். ஒரு புதன்கிழமை, மாடியில் மானிட்டர் மாற்றிக்கொண்டிருந்தபோது கேட்டிலிருந்து போன் வந்தது. செக்யூரிட்டி மாசிலாமணி அண்ணன். "யாரோ பெரியவரு, உன்னப் பத்தி விசாரிச்சுகினு கீறாரு. ஸ்டாஃப் லிஸ்ட்ட கேட்டாரு. உம் பேரு அதுல இல்லன்னு சொல்லிட்டேன்." படிக்கட்டில் இரண்டிரண்டாக இறங்கி ஓடினேன். தொலைந்தது, இதோடு எல்லாம் முடிந்தது என்று.

கேட்டில் மாசிலாமணி அண்ணனின் ஸ்டூலில் கலைவாணியின் அப்பா உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு தடிமனான ரெஜிஸ்டர், காலடியில் இன்னும் இரண்டு. ‘விசிட்டர்’ ரெஜிஸ்டர். ஏஜென்சி ஆளுக்கு அடையாள அட்டை கிடையாது. தினமும் வெளியாள் மாதிரி பேர், வந்த நேரம், போன நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே விடுவார்கள். ‘யாரைப் பார்க்க’ என்ற கட்டத்தில் நான் ‘கம்ப்யூட்டர்’ என்று எழுதுவேன். லிஸ்டில் இல்லை என்றதும் அவர் கிளம்பப் பார்த்தாராம். அண்ணன்தான், "லிஸ்ட்ல இல்ல சார், ஆனா டெய்லி வருவான்" என்று இதைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார். ரெஜிஸ்டரைக் கண்ட ஹெட் கிளார்க் சும்மா விடுவாரா? விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தார். நான் வந்ததைக் கண்டும் நிமிரவில்லை.

"புயல் மழை அடிச்ச அன்னிக்கி ஸ்டாஃப் யாருமே வரலன்னு இவர் சொல்றாரு. நீ எட்டு அம்பதுக்கு வந்திருக்கியே?" என்றார். "சர்வர் ரூமுக்குள்ள தண்ணி வந்துடும்னு பயமா இருந்துச்சு சார்" என்றேன். இன்னும் பத்துப் பக்கம் போனது. ஒரு பக்கத்தில் விரல் நின்றது. "மார்ச்சுல ஒரு நாள் உன் பேரு இல்ல. எங்க போனே?" மறைத்து என்ன ஆகப்போகிறது? "அன்னிக்கி உங்க பொண்ணு ஸ்கூல்ல பிராக்டிகல் பரீட்ச சார். கம்ப்யூட்டர் ஓடலன்னு போன்ல அழுதுட்டாங்க. இங்க சொல்லிட்டு அங்க போயிட்டேன்." அவர் மூன்று ரெஜிஸ்டரையும் வரிசையாக அடுக்கி அண்ணனிடம் ஒப்படைத்தார். எழுந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முப்பது வருஷமா நான் அட்டெண்டன்ஸ் பாக்கறேன். எங்க ஆபீஸ்ல பர்மனென்ட் ஆளு ஒருத்தன்கூட இப்படிக் கையெழுத்துப் போட்டதில்லப்பா. ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுப் பெரியவங்கள கூட்டிக்கிட்டு வா."

பிற்பாடு எனக்கும் பர்மனென்ட் ஆர்டர் வந்தது, போட்டோ ஒட்டிய அட்டை கழுத்தில் தொங்கியது, மற்றவர்களைப்போல லீவு போடவும் நன்றாகவே கற்றுக்கொண்டேன். மாப்பிள்ளை பார்க்க வந்த மனுஷன், நல்லவேளை, அதற்கு முன்னாலேயே வந்து பார்த்துவிட்டுப் போனார்.