கமலாம்பிகைக்கு ஒரு குளியலறை

சச்சிதானந்தன் புலம்பெயர்ந்து வந்த ஊரான மல்வேர்னில் வீடு வாங்கி இரண்டு வருடத்தில், 1996இல், அவருடைய மனைவி கமலாம்பிகைக்கு இருதய வருத்தம் முற்றியது. படி ஏறினாலே மூச்சு வாங்கியது. குளியலறையோ மேல்மாடியில் மட்டுமே இருந்தது. கீழே ஒன்றைத் தானே கட்டுவதென்று அவர் முடிவெடுத்தார்.

பெரிய கடைகளின் விலை தொழிற்சாலைச் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகவில்லை. பலகையும் கட்டடச் சாமானும் விற்கும் அக்கம்பக்கத்து மரக்காலைகளிலும் சிறு கடைகளிலும் மலிவாகப் பலகையும் குழாயும் தேடினார். டைல்ஸ் மிச்சச் சரக்காக இரண்டு நிறத்தில்தான் கிடைத்தது.

“பரவாயில்லையப்பா. நீலத்தைக் கீழ ஒட்டுங்கோ, வெள்ளை மேல வரட்டும்,” என்றாள் கமலாம்பிகை, சோபாவில் சாய்ந்தபடி.

சனிக்கிழமைகள் கடைகளைச் சுற்றுவதிலேயே கழிந்தன. தண்ணீர்க் குழாய் பூட்டுவதற்கு முன்பே அவள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்தபின், பிரிக்காத சாமான் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க மரக்காலைக்குப் போனார். அது குளிப்பவர் பிடித்துக்கொள்ளச் சுவரில் பூட்டும் கம்பி.

“அளவு பிழையா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார் போர்த்துக்கேய முதலாளி.

“இல்லை, அளவு சரி,” என்றவர், அதை வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்து புதுக் குளியலறைச் சுவரில் பூட்டினார்.

“இனி ஆருக்கப்பா உது?” என்று கேட்டாள் மகள் நிரூபா.

“விலை பாத்துத் திரியாமல் சாமானெல்லாம் முதல் கிழமையே வாங்கியிருந்தால், அம்மா ஒரு நாளாவது இதில குளிச்சிருப்பா பிள்ளை,” என்று சொல்லித் தரையில் அமர்ந்து அழுதார். நிரூபாவும் பக்கத்தில் அமர்ந்தாள்.