அந்தச் சொல் குழந்தைக்கு வேண்டாம்

வேலூரில் ஒரு மருத்துவமனை வராந்தாவில் டாக்டர் பேசி முடித்ததும், அதைத் தன் அம்மாவிடம் அரபியில் சொல்வதற்காக அந்தச் சிறுமி திரும்பினாள். பாஸ்டரம்மா குனிந்து அவள் வாயைத் தன் உள்ளங்கையால் மூடினார். அழுத்தவில்லை, சும்மா வைத்தார். "வேணாம் கண்ணு. இத நீ சொல்லாத" என்றார். பாஸ்டரம்மாவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் அந்தக் கைதான் நினைவுக்கு வருகிறது.

ஆரணியில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த சர்ச்சின் போதகருடைய மனைவி அவர். பிறந்த ஊர் களம்பூர். சர்ச்சை ஒட்டிய கூடத்தில், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்குச் சாயங்கால வகுப்பு நடத்தினார். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளைகளும் வருவார்கள். முதலில் சுண்டல், பிறகு பாடம். நான் அப்போதுதான் கல்லூரி முடித்திருந்தேன். முருகன் படத்துக்கு விளக்கேற்றிவிட்டுத் தறியில் உட்காரும் குடும்பம் எங்களுடையது. பாஸ்டரம்மா வாசலில் வந்து நின்று, பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தர என்னை அனுப்ப முடியுமா என்று கேட்டபோது அப்பா தயங்கினார். "ஜெபம் பண்ண எங்ககிட்ட நெறைய பேர் இருக்காங்கண்ணா. கணக்குக்குத்தான் ஆளே இல்ல" என்றார் அவர். அப்பா சிரித்துவிட்டார். மறுநாளே நான் போனேன்.

அந்த வருடம்தான் சூடானிலிருந்து இரண்டு குடும்பங்கள் சர்ச் காம்பவுண்டுக்கு வந்தன. வைத்தியத்துக்காக வேலூருக்கு வந்தவர்கள். வந்த இடத்தில் இருக்கும்போதே சொந்த ஊரில் சண்டை மூண்டுவிட்டது. திரும்பிப் போக வழியில்லை. லாட்ஜில் தொடர்ந்து தங்கவும் முடியவில்லை. காலியாகக் கிடந்த பழைய ஆசிரியர் குடியிருப்பை வெள்ளையடித்துக் கொடுத்தார்கள். ஒரு குடும்பம் சீக்கிரமே ஐதராபாத்தில் இருந்த உறவினரிடம் போய்விட்டது. மற்றக் குடும்பம் தங்கியது: கல்லீரல் நோயில் படுத்திருந்த கணவர், மனைவி, பத்து வயதுப் பெண் ஒருத்தி.

அவளை வகுப்பில் உட்கார வைத்ததும் முணுமுணுப்பு எழுந்தது. எங்கள் தெருப் பெண் ஒருத்தி வாசலிலேயே நின்று, "இன்னாம்மா இது? எந்த ஊரு, இன்னா சாதி, ஒண்ணும் தெரியாது. எங்க புள்ளைங்க பக்கத்துல உக்கார வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். பாஸ்டரம்மா கோபப்படவில்லை. "அந்தப் பொண்ணுக்கும் உங்க ஊர் எதுன்னு தெரியாதும்மா. உக்காந்துகினுதான் இருக்குது" என்றார். அந்தப் பெண் தன் மகனை அழைத்துக்கொண்டு போனாள். சில நாள் கழித்து அவனே ஓடி வந்துவிட்டான்.

சிறுமி தமிழைப் பிடித்துக்கொண்ட வேகம் எங்களை அசரவைத்தது. "டீச்சர், இவன் கிள்ளிகினே இருக்கான்" என்று அவள் முதல் புகாரைச் சொன்னபோது வகுப்பே கைதட்டியது. அதன்பிறகு கடைத்தெருவிலும் பஸ்ஸிலும் மருத்துவமனையிலும் அவள்தான் பெற்றோருக்கு வாயும் காதும். எங்களுக்கெல்லாம் அதில் பெருமை.

அந்த வராந்தாவில் டாக்டர் சொன்னது இதுதான்: இனி மருந்தால் பயனில்லை, வீட்டுக்கு அழைத்துப் போய் நிம்மதியாக வைத்துக்கொள்ளுங்கள். வேனில் ஆரணி திரும்பும் வழியெல்லாம் அந்த மனைவி எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். பாஸ்டரம்மா அவர் கையை விடவேயில்லை.

மறுநாள் காலையில் பாஸ்டரம்மா என்னையும் கூட்டிக்கொண்டு மசூதிக்குப் போனார். அங்கே பிள்ளைகளுக்கு அரபியில் ஓதக் கற்றுத்தரும் ஹஜ்ரத்திடம் விஷயத்தைச் சொன்னார். அவர் தாடியைத் தடவியபடி யோசித்தார். "எனக்குத் தெரிஞ்சது கிதாபுல இருக்கற அரபிம்மா. அவங்க பேசறது வேற மாதிரி இருக்கும். ஆனாலும் வர்றேன்" என்றார்.

சர்ச் கூடத்தின் படியில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, சுண்டல் பாத்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எதிரே உட்கார்ந்திருந்த தாயிடம் நிறுத்தி நிறுத்தி, தலை குனிந்துகொண்டே சொன்னார். அந்த மனைவி அழவில்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஹஜ்ரத் எங்கள் பக்கம் திரும்பி, "பொண்ணுக்குத் தெரியுமான்னு கேக்கறாங்க" என்றார்.

பாஸ்டரம்மா பதில் சொல்வதற்குள் கதவோரத்திலிருந்து சிறுமி பேசினாள். அவள் எப்போது வந்து நின்றாள் என்று யாருக்கும் தெரியவில்லை. "எனக்கு முன்னாடியே தெரியும். நர்ஸக்காங்க பேசிகினு இருந்தாங்க. அம்மா அழுவாங்கன்னு நான் மாத்தி மாத்திச் சொல்லிகினு வந்தேன். ஒவ்வொரு தடவையும் டாக்டர் பரவால்லன்னு சொன்னாருன்னு நான்தான் சொன்னேன்."

ஹஜ்ரத் அதை மொழிபெயர்க்கவில்லை. மகளின் முகத்தைப் பார்த்தே தாய் புரிந்துகொண்டார். வளர்ந்த பெண் என்றும் பாராமல் இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். பாஸ்டரம்மா எழுந்து வெளியே போனார். கிணற்றடியில் நின்று அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன். "நான் போய் மூடினேனே... அதுக்கு முன்னாடியே அது வாய மூடிகினுதான இருந்திருக்குது" என்றார்.

அதன்பின் மருத்துவமனைப் பேச்சு எதற்கும் சிறுமியைக் கூப்பிடக்கூடாது என்று சொல்லிவிட்டார். ஹஜ்ரத் வந்தார். சிறுமி வகுப்பில் உட்கார்ந்து, மற்றவர்களைப்போல வாய்ப்பாட்டில் தப்பு விட்டாள்.

மழைக்காலம் தொடங்கும் முன் அவள் அப்பா இறந்தார். மசூதி ஜமாஅத்தார் தங்கள் இடுகாடான கபரஸ்தானில் இடம் கொடுத்தார்கள். போதகர் பின்வரிசையில் நடந்து போனார். அன்று வாசலில் சண்டை போட்ட எங்கள் தெருப் பெண் இட்லிப் பாத்திரத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். தாயும் மகளும் சில மாதங்களில், எகிப்தில் இருந்த தாய்மாமனிடம் போய்ச் சேர்ந்தார்கள். போதகருக்கு மாற்றல் வந்து பாஸ்டரம்மாவும் வேறு ஊருக்குப் போய்விட்டார். வகுப்பை இப்போது நான் நடத்துகிறேன்.

போன மாதம் அவள் வீடியோவில் கூப்பிட்டாள். நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். தமிழ் கொஞ்சம் தடுமாறுகிறது. பேச்சு முடியும் நேரத்தில், "டீச்சர், அந்தப் பக்கம் போனா எங்க அப்பாகிட்ட பேசுங்க" என்றாள்.

"எனக்குத்தான் அரபி தெரியாதேம்மா."

"தமிழ்லயே பேசுங்க. படுத்துகினு இருந்தப்போ நான் அவருக்குச் சொல்லிக் குடுத்தேன். நெறைய வராது. 'நல்லா இருக்கு'ன்னா புரியும்."

அன்று மாலை வகுப்பு முடிந்ததும் போனேன். உள்ளே போகாமல், கபரஸ்தான் மதிலுக்கு வெளியே நின்றேன். சாலையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, "உங்க பொண்ணு நல்லா இருக்குதுங்க" என்றேன்.