திருஷ்டி உப்பைத் தின்ற ஒட்டகம்

உத்திரமேரூர்ப் பக்கத்தில் ஒட்டகத்துக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை வண்டி விடுவது என் பிழைப்பு. ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளை ஒட்டகச் சவாரி ஏற்றிய ஒரு வடக்கத்திக்காரர், சொந்த ஊருக்கே திரும்பும்போது தன் பெண் ஒட்டகத்தை எனக்கு விற்றுவிட்டுப் போனார். அன்று முதல் மாப்பிள்ளை அழைப்பா, கோயில் திருவிழாவா, ஓரிக்கையில் செல்போன் கடைத் திறப்பு விழாவா, எதற்கும் முன்னால் நடப்பது எங்கள் ஒட்டகம்தான். "ஆனை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே" என்பார்கள். எங்கள் ஊரில் மணியோசைக்குப் பின்னே வருவது ஒட்டகம், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த வடக்கத்திக்காரர் இங்கே இருந்தவரை அதை ஏரிக்கரைக் கருவேல மரத்தில் மேய விடுவார். என் மனைவிக்கு அதைப் பார்க்கவே பொறுக்காது. "முள்ளப் போயி துண்ண வுடுவாங்களா? வாயி இன்னாத்துக்கு ஆவும்?" என்பாள். எங்களிடம் வந்த பிறகு அதற்கு முள்ளே கிடையாது. வைக்கோல், தவிடு, எங்கள் சோற்றுப் பானையில் வடித்த கஞ்சி. மாட்டுக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை.

அதுவும் எங்கள் மேல் உயிரையே வைத்திருந்தது. நான் வெயிலில் அலைந்துவிட்டு வந்து நின்றால் போதும், கழுத்தை நீட்டி என் கையை மணிக்கட்டு முதல் முழங்கை வரை நக்கும். பிறகு பிடரி, பிறகு சட்டைக் காலர். தெருப் பிள்ளைகள் "ஒட்டகம் முத்தம் குடுக்குது" என்று சுற்றி நின்று கத்துவார்கள். பக்கத்து வயல்காரர் எனக்கு மச்சான் முறை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "இன்னா மச்சான், எம் பொண்டாட்டி கூட எம்மேல இவ்ளோ பாசமா இல்லியே!" என்பார்.

போன கோடையில் அதன் தோளிலும் தொடையிலும் முடி கொட்டத் தொடங்கியது. கொட்டாதது நிறம் வெளுத்தது. கொட்டகைச் சுவரின் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்றது, பிறகு செங்கல்லையே கடித்தது. கொடியில் காய்ந்த என் பனியன் ஒன்று பாதியாகிவிட்டது. ஊர்வலத்தில் பின்னங்கால் இரண்டும் தள்ளாட ஆரம்பித்தன.

"ஊர் கண்ணு பூராவும் இது மேலதான் கீது" என்றாள் மனைவி. கல்லுப்பும் மிளகாயும் கை நிறைய அள்ளிக்கொண்டு போய், அதன் முன்னால் நின்று சுற்றினாள். மூன்றாவது சுற்றில் ஒட்டகம் கழுத்தை இறக்கி, அவள் உள்ளங்கையில் இருந்த உப்பைச் சுத்தமாக நக்கித் தின்றது. மிளகாயை மட்டும் உதட்டால் ஒதுக்கிக் கீழே தள்ளியது.

அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "திருஷ்டியவே துண்ட்டுச்சேயா! இனிமே என்னத்த சுத்தறது?"

கண்ணெதிரே இருந்த சேதியை நாங்கள் இரண்டு பேரும் சகுனமாகத்தான் படித்தோம்.

அடுத்த வாரம் ஒரு காலையில் அது படுத்தது படுத்தபடியே கிடந்தது. தூக்கிப் பார்த்தோம், தட்டிப் பார்த்தோம், வெல்லம் காட்டிப் பார்த்தோம். முன்னங்காலை ஊன்றும், பின்னங்கால் வராது. எட்டிப் பார்த்த மச்சான், "படுத்த ஒட்டகம் எயுந்ததா சரித்திரம் இல்ல மச்சான். குயி தோண்ட ஜேசிபிகாரன் நம்பர் தரட்டா?" என்றார். என் மனைவி தென்னந்துடைப்பத்தைக் கையில் எடுத்தாள். மச்சான் தன் வீட்டுக்குப் போய், வைக்கோல் திணித்த சாக்கு மூட்டைகளோடு திரும்பி வந்தார். விலாவில் புண் வராமல் இருக்க இரண்டு பக்கமும் அவற்றை அண்டக் கொடுத்ததும் அவரேதான்.

கால்நடை மருத்துவமனையிலிருந்து டாக்டரம்மா வந்தார். வந்ததும், "நான் ஒட்டகத்துக்கு வைத்தியம் பார்த்ததில்லை. எனக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியாரை போன்லேயே வச்சுக்கறேன், பரவாயில்லையா?" என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்துவிட்டது. தெரியாததைத் தெரியாது என்பவர் கையில் மருந்து தப்பாகாது.

"ரெண்டு சந்தேகம் இருக்கு. ஈ கடிச்சுப் பரவுற ரத்தக் காய்ச்சலா இருந்தா, இந்த நிலைமையில காப்பாத்தறது கஷ்டம். இல்லேன்னா தீனியில ஏதோ குறை" என்றார்.

கழுத்தில் ரத்தம் எடுக்க நான் தலையைப் பிடித்திருந்தேன். அந்த நிலையிலும் அது என் கையை நக்கியது.

"எப்பவும் இப்படித்தானா?"

"ஆமாம்மா. எம்மேல அவ்ளோ பாசம்."

"பாசம் இருக்கட்டும். தீனியில உப்பு வைக்கிறீங்களா?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு பிபி வந்த பிறகு எங்கள் வீட்டுப் பானையில் உப்பு விழுவதே இல்லை. என் சோறு எந்தப் பானையோ, அதன் கஞ்சியும் அந்தப் பானைதான்.

"இவருக்கு பிபி டாக்டரம்மா" என்றாள்.

"ஒட்டகத்துக்கு?"

மச்சான் சிரித்த சிரிப்பில் சாக்கு மூட்டை சரிந்தது. "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு ஊருக்கே சொல்லுவாரு. வூட்ல பாரு!"

மாட்டைவிட ஒட்டகத்துக்குப் பல மடங்கு உப்பு வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். கருவேல இலையிலும் காயிலும் அதன் உடம்புக்குத் துளித் துளியாக வேண்டிய சத்துகள் கிடைக்கும், வெறும் வைக்கோலில் கிடைக்காது என்றார். அன்றே உப்பு வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். ஆனால் ரத்தத்தில் என்ன வருமோ என்ற பயத்தில் எங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

முடிவு போனில் வந்தது. "காய்ச்சல் கிருமி இல்லை. காப்பர் ரொம்பக் கம்மி, ஜிங்க்கும் கம்மி. சரி பண்ணிடலாம்."

'இல்லை' என்ற சொல் காதில் அத்தனை இனிப்பாக விழுந்து நான் கேட்டதே கிடையாது. மனைவி வாசல்படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

அழுது முடித்தவள் சும்மா இருந்தாளா? காப்பர் என்று காதில் விழுந்ததுதான், கல்யாணச் சீராக வந்த செப்புத் தவலையைப் பரணிலிருந்து இறக்கிப் புளி போட்டுத் துலக்கி, தண்ணீர் நிரப்பி ஒட்டகத்தின் முன் வைத்தாள். சேதி பரவிற்று. சாயங்காலத்துக்குள் தெருவில் இருந்த செப்புக் குடம் எல்லாம் எங்கள் கொட்டகையில். ஊசி போட வந்த டாக்டரம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாங்க இது, பாத்திரக் கடையா?" அவருக்கே எங்கள் பேச்சு வந்துவிட்டது. "காப்பர் கூடினா ஈரல் போயிடும். நான் எடை பார்த்துச் சொல்ற அளவு மட்டும்தான். முதல்ல எல்லாத்தையும் எடுத்துக்கினு போங்க!"

அன்று முதல் அதற்குத் தாது உப்புக் கலவை, நக்குவதற்கு ஓர் உப்புக் கட்டி, மச்சான் கையால் வெட்டி வந்த கருவேலக் கிளைகள். முள்ளோடுதான். என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டே கொடுத்தாள். அது முள்ளை முறுக்கு மாதிரி மென்றது.

சில நாள் கழித்து, நான் குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் மச்சான் அலறினார். திரும்பினால், ஒட்டகத்தின் பின்பக்கம் மேலே எழும்பி நிற்கிறது. ஆடியது. அப்படியே சாயப்போகிறது என்று ஓடினேன். அதற்குள் முன்னங்காலையும் உதறி நின்றுவிட்டது. நேராக நடந்து போய் மச்சானுடைய முள்வேலியில் வாய் வைத்தது.

"வேலி பயிர மேயும்னு கேட்டுக்கீறேன், வேலியவே மேயுதே!" என்றார். ஆனால் விரட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

இப்போது முடி திரும்ப வந்துவிட்டது. ஊர்வலமும் போகிறோம். என் கையை மட்டும் அது நக்குவதில்லை. வியர்வையோடு போய் நின்றால் ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு உப்புக் கட்டிப் பக்கம் திரும்பிக்கொள்கிறது.

"அப்போ இத்தினி நாளா நீ அதுக்கு உப்புக் கல்லுதான்யா" என்று மனைவி சிரிக்கிறாள்.

இருந்துவிட்டுப் போகிறேன். தினமும் காலையில் வெறும் கையை நீட்டிப் பார்ப்பேன். அது நக்காமல் போனால்தான் எனக்கு அன்றைக்கு நாஷ்டா இறங்குகிறது.