ஒன்பது மணிக்குப் பிறகும் எரிந்த விளக்குகள்

ஏதாவது ஒரு மென்பொருள் தேவைப்பட்டால் என் மகள் ஒரு பொத்தானைத் தட்டுகிறாள். அது வந்து உட்கார்ந்துகொள்கிறது. நான் அப்படிச் செய்வதில்லை. எழுதியவர்கள் எழுதிய வடிவத்திலேயே, மூலநிரலாகவே, இறக்கி, மலேசியாவின் சுங்கை பட்டாணியில் உள்ள என் வீட்டுக் கணினியில் கம்பைல் செய்து நிறுவுவேன். மனிதர் படிக்கும்படி எழுதப்பட்டதை இயந்திரம் நடத்தும்படி மாற்றுகிற வேலைக்குத்தான் அந்தப் பெயர். திரையில் வரிகள் ஓடிக்கொண்டே இருக்கும். சில மென்பொருள்களுக்கு ஒரு மாலைப்பொழுது முழுக்கப் போய்விடும். "ஏன்ப்பா, இதுக்குப் போயி காவல் காக்கணுமா லா?" என்று மகள் கேலி செய்வாள். பாலிடெக்னிக்கில் பல வருடம் இதைத்தானே கற்றுக்கொடுத்தேன், பழக்கம் விடவில்லை என்று சொல்லிச் சமாளிப்பேன். அது முழு உண்மை இல்லை.

நான் வாழ்க்கையில் முதன்முதலாகப் பார்த்த கம்பைல் கடைசிவரை முடியவில்லை. அது முடியாமல் போனதில் என் தவறு எதுவும் இல்லை. அதற்குப் பிறகு நடந்ததில் இருக்கிறது.

எங்கள் ரப்பர் தோட்டம் கோலா கெத்தில் என்ற ஊரிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில் இருந்தது. அந்நாளில் அரசாங்க மின்சாரம் அங்கே வரவில்லை. தோட்டத்துக்கென்று ஒரு டீசல் எஞ்சின் உண்டு. அதை ஓட்டியவர் என் அப்பா. மாலை ஆறு மணிக்குக் கிளப்புவார், ஒன்பதுக்கு நிறுத்துவார். நிறுத்துவதற்குச் சற்று முன்னால் எல்லா விளக்குகளையும் ஒருமுறை மங்கவைத்துக் காட்டுவார். பாயை விரித்துக்கொள்ளுங்கள் என்பதற்கான சைகை அது. ஒன்பதைத் தாண்டி எஞ்சின் ஓட வேண்டுமானால் ஆபீசிலிருந்து உத்தரவு வரவேண்டும். திருவிழாவுக்கு முன்கூட்டியே வந்துவிடும். சாவுக்கு மட்டும் உத்தரவு தேவையில்லை. பிணம் கிடக்கும் வீட்டை இருட்டில் வைக்கக்கூடாது என்பதை எந்தத் துரையும் மறுத்ததில்லை. தோட்ட நிர்வாகியைத் துரை என்போம். வெள்ளைக்காரர்கள் போய் நம் நாட்டுக்காரர்கள் வந்த பிறகும் அந்தப் பெயர் மட்டும் பங்களாவைவிட்டுப் போகவில்லை.

அப்பாவுக்கு அந்த எஞ்சின் மேல் ஒரு கர்வம் இருந்தது. லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இஸ்திரிப் பெட்டிகளும் கறுப்பு வெள்ளை டிவிகளும் ஒரே நேரத்தில் ஓடினாலும் விளக்கு துடிக்காமல் பார்த்துக்கொள்வார். சம்பளத்தில் மற்றவர்களைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் விடியலில் மலை ஏறி மரம் சீவ வேண்டியதில்லை. அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எஞ்சின்காரரே என்றுதான் சொல்வார்கள்.

அண்ணன் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் வரை படித்தவர். மேலே படிக்க இடம் கிடைக்காமல் தோட்டத்திலேயே மரம் சீவிக்கொண்டிருந்தார். மதியத்துக்கு மேல் மோட்டார் சைக்கிளில் கோலா கெத்தில் போய், ரப்பர் பால் வாங்கும் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், கடையில் சில்லறை வேலை பார்ப்பார். அந்தத் தவுக்கே பினாங்கிலிருந்து ஒரு கம்ப்யூட்டரை வாங்கிவந்து வைத்திருந்தார். கடையில் யாருக்கும் அதை இயக்கத் தெரியவில்லை. கூடவே வந்த புத்தகத்தை அண்ணன் மட்டும் ஓய்ந்த நேரத்தில் படித்துப் படித்துப் பழகினார். கடைசியில் தவுக்கே ஒரு வார்த்தை கொடுத்தார். வரும் திங்கட்கிழமைக்குள் இந்தப் பெட்டி பால் கணக்குப் போட்டுக் காட்டினால் ஆபீஸ் நாற்காலி உனக்கு. இல்லையென்றால் பினாங்கில் இருக்கும் என் மருமகனை வரச்சொல்லிவிடுவேன்.

அண்ணனின் நண்பர் ஒருவர் அரிசிக் கடைக்காக எழுதிய புரோகிராம் ஒன்றை வட்டில் பதிந்து கொடுத்தார். நல்லவேளையாக மூலநிரலாகவே கொடுத்தார். அதனால் அரிசி இருந்த இடங்களில் பாலின் எடையையும், அந்தப் பாலில் ரப்பர் எவ்வளவு தேறும் என்ற கணக்கையும் அண்ணனால் எழுத முடிந்தது. எழுதிய பிறகு முழுவதையும் கம்பைல் செய்ய வேண்டும். நடுவில் ஒரு பிழை அகப்பட்டால் இயந்திரம் நின்றுவிடும். திருத்திவிட்டு மறுபடியும் முதல் வரியிலிருந்து தொடங்க வேண்டும். மின்சாரம் போனால் அப்போதும் முதல் வரிதான்.

கடையிலேயே வைத்துச் செய்தால் என்ன, அங்கே நாள் முழுக்கக் கரண்டு இருக்கிறதே என்று அப்பா கேட்டார்.

"அத்தன பேரு பாக்குறாங்கப்பா. தப்பு வந்தா சிரிப்பாங்க. வீட்டுல முடிச்சி எடுத்துக்கிட்டுப் போயிடுறேன்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெட்டியும் திரையும் சாக்கில் சுற்றி மோட்டாரில் வந்து இறங்கின. மங்கவைத்துக் காட்டும் சைகை மட்டும் வேண்டாம், அந்த நொடியில் எல்லாம் அழிந்துவிடும் என்று அண்ணன் கேட்டுக்கொண்டார். "ஒன் பொட்டிக்காக ஊரு வழக்கத்த மாத்தணும். சரிடா," என்றார் அப்பா.

வெள்ளியும் சனியும் பிழை திருத்துவதிலேயே போயின. ஞாயிற்றுக்கிழமை இருட்டிய பிறகு கடைசிப் பிழையும் அகப்பட்டது. அண்ணன் மறுபடி தொடங்கினார். அந்தக் கம்பைலர் ஒவ்வொரு வரியை முடிக்கும்போதும் திரையில் ஒரு பச்சைப் புள்ளி வைக்கும். வட்டு கரகரவென்று சுற்றும், ஒரு புள்ளி வரும், மறுபடி கரகரக்கும். புள்ளிகள் வரும் வேகத்தையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்த அண்ணன் என் பக்கம் திரும்பினார். "தம்பி, ஓடிப்போயி அப்பாகிட்ட கேளு. ஒம்போதுக்கு மேல கொஞ்ச நேரம் ஓட்ட முடியுமான்னு."

நான் அப்போது தமிழ்ப்பள்ளி முடித்து, இடைநிலைப் பள்ளியின் புகுமுக வகுப்பில் இருந்த பதின்மூன்று வயதுப் பையன். எஞ்சின் வீட்டுக்குள் கத்தினால்தான் கேட்கும். அப்பாவின் காதருகே கத்தினேன். அவர் முதலில் தலையை ஆட்டினார். உத்தரவில்லாமல் முடியாது. பிறகு துணியில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அவன் என்னா செய்யுறான்?"

"நகத்த கடிச்சிக்கிட்டு உக்காந்திருக்காரு."

அப்பா எஞ்சினைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "பயப்படாம செய்யச் சொல்லு. நான் பாத்துக்கிறேன்."

ஒன்பது ஆனது. விளக்குகள் மங்கவில்லை, அணையவும் இல்லை. சற்று நேரத்தில் லயத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. திருவிழா இல்லாத நாளில் ஒன்பதுக்கு மேல் விளக்கு எரிந்தால் எங்கள் தோட்டத்தில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு.

"யாரு போனது?"

"எங்க லயத்துல இல்ல. ஒங்க பக்கமா?"

"கோயிலு பின்னால இருக்கிற தாத்தாவா இருக்கும். ரெண்டு நாளா இருமிக்கிட்டே இருந்தாரு, பாவம்."

"யாரடா சொல்ற? நான் இங்கதான் நிக்கிறேன்!" என்று கூட்டத்துக்குள்ளிருந்து ஓர் அதட்டல் வந்தது.

எல்லாரும் உயிரோடிருப்பதை எண்ணிப் பார்த்து முடித்த பிறகு யாரோ சொன்னார்கள், எஞ்சின்காரர் தானாகவே ஓட்டுகிறார் என்றால் அவர் வீட்டில்தான் சாவு என்று. அம்மா அன்று தலைவலி என்று மாலையிலேயே படுத்துவிட்டார். கூட்டம் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தது. பக்கத்து வீட்டு அத்தைதான் முதலில் உள்ளே நுழைந்தார். பாயில் அம்மா போர்த்திக்கொண்டு அசையாமல் கிடக்கிறார். மூலையில் அண்ணன் தலையைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். எதிரே திரை பச்சையாக ஒளிர்கிறது.

துக்க வீட்டில் பாட்டும் படமும் ஓடக்கூடாது. அத்தை யோசிக்கவே இல்லை. "பெத்தவ கெடக்குறா, டிவி ஓடுது பாரு!" என்று சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அம்மாவின் மேல் விழுந்தார். "அடிப் பாவி மவளே, என்னை வுட்டுட்டுப் போயிட்டியே!"

அம்மா அலறிக்கொண்டு எழுந்தார். "எங்க போனேன்? தலவலின்னு படுத்தா அதுக்கும் ஊரக் கூட்டுவீங்களா?"

வாசலில் சிரிப்பு வெடித்தது. அத்தையும் அழுதுகொண்டே சிரித்தார். அண்ணன் மட்டும் கறுத்துப்போன திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கத்தவில்லை. கூட்டம் நகர்ந்த பிறகு தாழ்ந்த குரலில் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, அப்பாகிட்ட போயி நிறுத்தச் சொல்லிடு. இனிமே ஓட்டி புண்ணியமில்ல. நேரா போ."

நான் நேராகப் போகவில்லை.

வெளியே ஊரே விழித்திருந்தது. சாவு இல்லை என்று தெரிந்ததும் பெரியவர்கள் படிகளில் உட்கார்ந்து கதை பேசத் தொடங்கிவிட்டார்கள். யார் வீட்டிலோ காப்பி கலந்தார்கள். லயத்து முனை விளக்கின் கீழ் பையன்கள் கோலி ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒன்பதுக்கு மேல் வெளிச்சத்தில் விளையாடுவது எங்களுக்கு வருடத்தில் ஒருமுறை கிடைத்தால் அதிகம். நான் போய்ச் சொன்னால் இந்த வெளிச்சம் அந்த நிமிடமே போய்விடும். ஓர் ஆட்டம் ஆடிவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தேன். ஜெயித்தேன். இன்னோர் ஆட்டம் ஆடினேன். அப்பா அந்த எஞ்சின் வீட்டில் யாருக்காக நின்றுகொண்டிருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஆடினேன்.

துரையின் கார் செம்மண் சாலையில் திரும்பியதை முதலில் பார்த்தவன் நான். சுங்கை பட்டாணியில் ஏதோ விருந்துக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தார். லயத்து வெளிச்சத்தைப் பார்த்து நிறுத்தி, யார் செத்தது என்று ஒரு கிழவரிடம் கேட்டார். யாரும் இல்லை என்றார் அவர். கார் எஞ்சின் வீட்டுப் பக்கம் போனது. சற்றைக்கெல்லாம் சத்தம் நின்றது. இருட்டு வந்து விழுந்தது. கையில் கோலிகளோடு தட்டுத்தடுமாறி வீட்டுக்கு வந்தேன்.

அப்பா வந்ததும் அண்ணன் மண்ணெண்ணெய் விளக்கைத் தூக்கிப் பிடித்தார். "தம்பி வந்து சொல்லலியாப்பா?"

அப்பா என்னைப் பார்த்தார். என் முட்டியில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தார். "வந்து சொன்னான்," என்றார். "நான்தான் நிறுத்தல. நீ திரும்ப ஆரம்பிப்பேன்னு நெனச்சேன்."

"நான்தான் வேணாம்னு சொல்லிவிட்டேனே. ஏன்ப்பா இப்புடி?"

"சரி வுடு. காலையில தவுக்கே கடைக்கே எடுத்துட்டுப் போ. சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க."

அப்பாவுக்கு ஏதோ குழப்பம், நான் வந்ததாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று எண்ணி நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் அண்ணன் கடையில் எல்லார் முன்னாலும் உட்கார்ந்து அதே வேலையை மறுபடி தொடங்கினார். ஒரு பிழையும் வரவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. புள்ளிகளை வேடிக்கை பார்த்து அலுத்துப்போய் அவரவர் வேலைக்குப் போய்விட்டார்களாம். நாற்காலி அவருக்குக் கிடைத்தது. பிற்பாடு என்னைப் படிக்கவைத்ததும் அந்த நாற்காலிதான்.

அதே காலையில் பெரட்டுக் களத்தில், வேலைக்கு ஆள் பிரிக்கும் நேரத்தில், அத்தனை பேர் முன்னிலையில் அப்பாவை எஞ்சினிலிருந்து எடுத்தார்கள். புல்லுக்கு மருந்தடிக்கும் கூட்டத்தில் போட்டார்கள். மகன் பெட்டிக்காக ஓட்டினேன் என்று அப்பா சொல்லவில்லை. மணி பார்க்க மறந்துவிட்டேன் என்று சொன்னாராம். ஒன்பதுக்குச் சற்று மேலே நிறுத்தியிருந்தால் துரையின் கண்ணில் பட்டிருக்காது. அந்த நேரம் என்னிடம் இருந்தது.

அத்தை அழுத கதையைக் கல்யாண வீடுகளில் எத்தனையோ தடவை சொல்லிச் சிரிக்கவைத்திருக்கிறேன். சில சமயம் அப்பாவும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து சிரிப்பார். கோலி ஆடியதை மட்டும் சொன்னதில்லை. அவர் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அண்ணன் இன்றுவரை அப்பாவின் பிடிவாதம்தான் காரணம் என்று நம்புகிறார். இதைப் படித்துத்தான் அவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த மாற்றம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதுவரை மாலை நேரங்களில் அப்பா எங்களுக்குக் கிடையாது. இப்போது ஆறு மணிக்குக் குளித்துவிட்டு, மருந்து வாடை முழுவதும் போகாத கையோடு, வாசல்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். வேறோர் ஆள் எஞ்சினைக் கிளப்புவார். விளக்குகள் துடித்துத் துடித்து எரியத் தொடங்கும். வீட்டு ரேடியோவில் பாட்டு வரும். அப்பா பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு, எஞ்சின் வீட்டுப் பக்கமாகத் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் காது கொடுத்துக் கேட்பார். பாட்டுதான் அவருக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நான் உள்ளே ஓடிப்போய் ரேடியோவின் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டிவைப்பேன்.